ஓசியில் ஏறாத தெரு

கார் இன்சூரன்ஸ் பிரீமியம் எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று கேட்டால், பயிற்சிக்கு வந்திருக்கும் நீங்கள் மடமடவென்று ஒப்பித்துவிடுவீர்கள். என்ஜின் எத்தனை சி.சி., வண்டிக்கு என்ன வயது, இன்றைய மதிப்பு என்ன, எந்த ஊரில் பதிவானது, போன வருடம் கிளெய்ம் வாங்கினாரா, கூடுதலாக என்னென்ன பாதுகாப்பு கேட்கிறார். தேர்வில் முழு மதிப்பெண் நிச்சயம். நானும் இப்படி ஒப்பித்துப் பாஸாகித்தான் நெய்வேலிக் கிளைக்கு வந்து சேர்ந்தேன். வந்த முதல் கோடையிலேயே ஒரு பலாப்பழம் எனக்குப் பாடம் எடுத்தது.

டவுன்ஷிப்பில் பழைய குவார்ட்டர்ஸ் எல்லாம் சைக்கிள் காலத்தில் கட்டியவை. கார் நிறுத்த இடம் இருக்காது. ஆனால் வீட்டுக்கு வீடு பலா மரம் இருக்கும். ஒரு என்ஜினியர் புதுக் காரை நிழல் பார்த்து நிறுத்தினார். பழம் பழுத்தது, விழுந்தது. காரின் கூரையில் ஒரு குழி. மனிதர் அப்படியே கொதித்துக்கொண்டு கிளெய்ம் கேட்டு வந்தார். நான் ஒரு தாளில் இரண்டு கணக்குப் போட்டுக் காட்டினேன். பட்டறையில் அந்தக் குழியைத் தட்டி எடுக்க ஆகும் செலவு ஒன்று. கிளெய்ம் வாங்கினால் அடுத்த வருடம் அவர் இழக்கப்போகும் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, இன்னொன்று. போனஸ்தான் பெரிது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய சுளையோடு வந்து, "ஆதாரத்தை அழிச்சிடலாம் மேடம்" என்றார். ஆபீஸே சேர்ந்து அழித்தோம். வேலை மாறிப் போகிறவரை அவர் வேறு யாரிடமும் பாலிசி எடுக்கவில்லை.

ஆகவே, கிளெய்ம் வேண்டாம் என்று சொல்வதும் நம் வேலைதான். இது முதல் பாடம். சுலபமான பாடமும்கூட.

கஷ்டமான பாடம் இன்னொன்று இருக்கிறது. பாலிசி போடும்போது நாம் ஒரு கேள்வியைக் கேட்டும் கேட்காமலும் தாண்டிவிடுகிறோம்: இந்த வண்டியை எதற்கு ஓட்டப்போகிறீர்கள்? சொந்த உபயோகம் என்றால் ஒரு பிரீமியம். வாடகைக்கு என்றால் அதைவிட எவ்வளவோ அதிகம். அதே கார், அதே சாலை, அதே டிரைவர்தான். ஆனால் வாடகை வண்டி நாள் முழுக்கச் சாலையில் இருக்கும். ஆபத்தும் அதற்கேற்ப இருக்கும். சொந்த உபயோகம் என்று குறைவாகக் கட்டிவிட்டு வாடகைக்கு ஓட்டினால் கிளெய்ம் கிடையாது. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒருவர் சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியைக் கல்யாணம் காட்சிக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். இடித்துவிட்டு வந்து நின்றபோது என் கையால்தான் நிராகரித்தேன். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளட்டும்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் இசக்கிமுத்துவின் கதைக்கு வர வேண்டும். இல்லையென்றால், மேடம் தெரிந்தவருக்குச் சலுகை காட்டினார் என்று நினைப்பீர்கள்.

இசக்கிமுத்து சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சச இயந்திரத்தின் ஆபரேட்டர். தென்காசிப் பக்கத்துக்காரர். பர்மனென்ட் வேலை. வருடா வருடம் குலதெய்வக் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்வர ஏழு பேர் உட்காரும் பழைய கார் ஒன்றை வாங்கினார். விற்றவர் பாலிசியைக் காலாவதியாக விட்டிருந்தார். அப்படிப்பட்ட வண்டியை நேரில் பார்க்காமல் பாலிசி போட முடியாது என்பதால் அவர் தெருவுக்குப் போனேன். போனால் அங்கே பூஜை நடந்துகொண்டிருந்தது. நான்கு டயருக்கு நான்கு எலுமிச்சம்பழம். நான்கும் நான்கு வீட்டிலிருந்து வந்திருந்தன. எந்த வீட்டுப் பழம் எந்த டயருக்கு என்று அங்கே ஒரு வழக்கு. டிரைவர் பக்கத்து முன் டயர் தனக்குத்தான் என்று எதிர் வீட்டுப் பழனிசாமி பிடிவாதமாக நின்றார். அவர் அனல் மின் நிலையத்தில் ஃபோர்மேன், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கடைசியில் அந்த டயர் அவருக்குத்தான் கிடைத்தது.

அந்தத் தெருவைப் பற்றி அன்றைக்கே நான் யோசித்திருக்கலாம். டவுன்ஷிப்பில் பெரும்பாலும் எங்கிருந்தோ வந்தவர்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் ஒரு ராத்திரி பஸ் பயணத்துக்கு அப்பால். அவசரத்துக்கு எதிர் வீடுதான் மச்சான், பக்கத்து வீடுதான் தங்கை. இசக்கிமுத்து ஊர்க் கொடைக்குக் காரை எடுத்தது வருடத்துக்கு ஒரு தடவை. மற்றபடி விருத்தாசலத்தில் ரயிலேற்ற, புதுச்சேரியில் ஆஸ்பத்திரிக்குப் போக, கடலூரில் பிள்ளைகளைப் பரீட்சைக்கு இறக்கிவிட என்று தெருவே அதில் ஏறி இறங்கியது. வார ஓய்வு நாளில் கைலியோடு தூங்கிக்கொண்டிருப்பார். ஜன்னலில் யாராவது "அண்ணே" என்றால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

பழனிசாமியின் மாமனாருக்குப் புதுச்சேரியில் கண் ஆபரேஷன். கூட்டிப் போனவர் இசக்கிமுத்து. பழனிசாமியும் கூடப் போயிருந்தார். திரும்பி வரும்போது குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே ஒரு பைக் வந்தது. இந்தப் பக்கம் ஒதுங்கினால் நெல், அந்தப் பக்கம் போனால் மதகு. "நெல்லு மேல ஏத்த மனசு வரல மேடம்" என்றார் பிறகு என்னிடம். மதகில் மோதினார். காரின் முகம் நசுங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு மெல்ல இறங்கி நின்று பார்த்துவிட்டு, "ஆப்பரேசன் நல்லாத்தான் பண்ணியிருக்கறாங்க மாப்ள, மதகு பளிச்சுன்னு தெரியுது" என்றாராம்.

இதுவரைக்கும் எல்லாம் சரி. சேதத்தை மதிப்பிட சர்வேயர் பட்டறைக்குப் போனார். கூடவே பழனிசாமியும் போய் நின்றார். அவர் போயிருக்கவே வேண்டாம். போனவர் வாயைத் திறக்காமலாவது இருந்திருக்கலாம். "நீங்க யாரு?" என்று சர்வேயர் சாதாரணமாகக் கேட்டதற்கு, "என்ற மாமனாருக்குத்தானுங் வண்டி எடுத்தது. ஆனா ஒண்ணுங், நாங்க யாரு வண்டியிலயும் சும்மா ஏற மாட்டமுங். காசு கரெக்டா எண்ணி வெச்சிருவோம்" என்று சொல்லியிருக்கிறார். சர்வேயர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். குறிக்க வேண்டியது அவர் கடமை.

உடனே விசாரணைக்கு ஒருவரை நியமித்தார்கள். சுறுசுறுப்பான இளைஞர், வேலையில் குறை சொல்ல முடியாது. தெருவுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் வாங்கி, கீழே கையெழுத்தும் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். படித்த எனக்கு மயக்கம் வராத குறை. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி, பெட்ரோல் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தாள். அடுத்து அதே தெரு ஜமால்: பெட்ரோல் போக மேலேயும் கொடுப்போம். கடைசியாகப் பழனிசாமி: கடலூர் டாக்சிக்காரன் கேட்பதைவிடக் கூடவே கொடுப்போம்.

கோட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "தெளிவான கேஸ் மேடம். வாடகைக்கு ஓட்டியிருக்காரு. ரிஜெக்ட் பண்ணி இந்த வாரமே ஃபைலை முடிச்சிடுங்க."

இசக்கிமுத்துவுக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். அன்று மத்தியானமே ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். வழக்கமாகச் சத்தமாகச் சிரிக்கிற ஆள். அன்றைக்கு ஹெல்மெட்டை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"காரு போனா போகட்டும் மேடம். ரிப்பேரு நானே பாத்துக்கிடுதேன். ஆனா வாடகைக்கு ஓட்டுனேன்னு எழுதிட்டா என் வேலைக்குல்லா வேட்டு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பர்மனென்ட் ஊழியர் அனுமதியில்லாமல் வேறு தொழில் செய்யக் கூடாது. நம் நிராகரிப்புக் கடிதத்தில் வாடகை என்ற ஒரு வார்த்தை இருந்து, அது யார் கையிலாவது சிக்கி அவருடைய நிர்வாகத்துக்குப் போனால் விசாரணை வரும், சஸ்பெண்ட் வரும். நமக்கு அது ஃபைலில் ஒரு வரி. அவருக்கு அது சாப்பாடு.

"நிஜத்தைச் சொல்லுங்க. காசு வாங்கினீங்களா இல்லையா?"

"எங்க அம்மா மேல சத்தியமா இல்ல."

"அப்புறம் அவங்க ஏன் அப்படிச் சொல்றாங்க?"

"அதான் மேடம் எனக்கும் வெளங்கல. நம்ம ஆளுவ எல்லாம் தங்கமான ஆளுவ. எனக்கு எதிரா ஒருத்தரும் சொல்ல மாட்டாவ."

இந்த இடத்தில் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு மத்தியானம் வரும். எதிரில் இருப்பவர் உண்மை பேசுகிறார் என்று மனசு சொல்லும். மேஜையில் கையெழுத்தோடு இருக்கும் தாள் வேறு சொல்லும். போனில் மேலதிகாரி அவசரப்படுத்துவார். அப்போது மனசை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவரும் தவறு செய்கிறார். தாளை நம்பிப் போடுகிறவரும் தவறு செய்கிறார். அந்தத் தாளில் உள்ள வார்த்தைகள் எப்படிப் பிறந்தன என்று முதலில் கேட்க வேண்டும்.

விசாரணைக்காரரைக் கூப்பிட்டேன். "தம்பி, இவங்ககிட்ட எங்க வெச்சுப் பேசினீங்க?"

"ரொம்ப நல்ல ஜனங்க மேடம். மாமரத்தடியில சேர் போட்டாங்க. எல்லாரையும் வட்டமா உட்கார வெச்சு ஒவ்வொருத்தரா கேட்டேன். பஜ்ஜிகூட போட்டாங்க."

"எல்லாரையும் சேர்த்தா உட்கார வெச்சீங்க?"

"ஆமா மேடம். ஒரே நேரத்துல வேலை முடிஞ்சிருச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பையன் பாவம், என்ன தப்பு செய்தோம் என்று விழித்தான். ஊர் விட்டு ஊர் வந்து, சம்பளத்தில் குடும்பம் நடத்தி, நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்பதையே பெருமையாக நினைக்கும் ஜனங்களை வட்டமாக உட்கார வைத்து, நீங்கள் ஓசியில் போனீர்களா, காசு கொடுத்துப் போனீர்களா என்று கேட்டால் யார் ஓசி என்பார்கள்? கஸ்தூரி பெட்ரோல் என்றாள். பக்கத்தில் இருந்த ஜமால் அதைவிடக் குறைத்துச் சொல்ல முடியுமா? ஜமால் சொன்ன பிறகு பழனிசாமி அதற்குக் கீழே சொல்வாரா? அங்கே நடந்தது விசாரணை இல்லை, ஏலம்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நானே கிளம்பினேன். ஒரு வீட்டுக்குப் போவது அடுத்த வீட்டுக்குத் தெரியாமல், ஆளுக்கொரு நேரம். கூடத்தில் உட்காரவில்லை, நேராக அடுப்படிக்குப் போனேன்.

கஸ்தூரி குறிஞ்சிப்பாடிப் பெண். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றுமே கேட்கவில்லை. இசக்கிமுத்துவின் வேலைக்கு என்ன ஆகலாம் என்பதை மட்டும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ, எங்க அண்ணன் வேலையா? நான் இன்னாத்த குடுத்தேன் மேடம்! ஒரு தபா பெட்ரோலுக்குன்னு நீட்டினேன். அண்ணன் என்னத் திட்டிப்புட்டாரு, ரெண்டு நாளு பேசல. அப்பறம் எங்க வூட்ல முறுக்கு சுட்டா குடுத்துகினு இருக்கேன், அவ்ளோதான். அன்னிக்கு அத்தினி பேரு பாத்துகினு இருந்தாங்க, எப்டி மேடம் சும்மா போனேன்னு சொல்றது?"

ஜமால் பணிமனையில் ஃபிட்டர். அத்தாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக அந்தக் காரைத்தான் நம்பியிருந்தார். "காசு வாங்க மாட்டாரு மேடம். நோன்புக் கஞ்சி குடுத்தா மட்டும் வாங்கிக்குவாரு, அதுவும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிப்பாரு" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

இரண்டு பேரும் உண்மையைச் சொல்லத் தயார். ஆனால் விபத்தன்று காரில் இருந்தவர் பழனிசாமி. அவர் வார்த்தைதான் கேஸையே தூக்கி நிறுத்தும், அல்லது கவிழ்க்கும். அவர் வீட்டில் பால் காபி கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை.

"நீங்க இசக்கிமுத்துவுக்குக் காசு குடுத்தீங்களா சார்?"

"குடுத்தனுங்."

"எப்பக் குடுத்தீங்க? அவரு கையிலயா, அவரு வீட்டம்மா செல்வி கையிலயா?"

சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "மேடம், நானுங் ஃபோர்மேன். எனக்குக் கீழ அத்தன பேரு வேலை செய்யறாங்க. அவங்க வீடெல்லாம் இந்தத் தெருவுலதான் இருக்குது. மாமனாரை ஓசி வண்டியில கூட்டியாந்தேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்ளா?"

"அவரு வேலை போயிரும் சார்."

"அதெல்லாம் போகாதுங்" என்றார். ஆனால் குரல் இறங்கிவிட்டது. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. மிரட்டி வாங்கும் வாக்குமூலம் அதிகாரியின் முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும். அதைவிட, அது என் வாக்குமூலம் ஆகிவிடும், அவருடையது ஆகாது.

முதல் விசாரணை ஏன் நம்பத் தகுந்ததல்ல என்று எழுதி அனுப்பினேன். கோட்ட அலுவலக அதிகாரிக்குக் கோபம். நியாயமான கோபம்தான், கையெழுத்திட்ட வாக்குமூலத்தைக் கிளை மறுத்தால் யாருக்குத்தான் வராது? நானே வந்து பார்க்கிறேன் என்றார். தனித்தனியாகக் கேளுங்கள் சார் என்று இரண்டு தடவை சொன்னேன். "எனக்கு அவ்வளவு நேரம் இல்ல மேடம்" என்று நேராக மாமரத்தடிக்குப் போய், "எல்லாரையும் வரச் சொல்லுங்க" என்றார்.

மறுபடியும் அதே மரம், அதே வட்டம். இந்தத் தடவை தெருவில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேறு. இசக்கிமுத்து ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். செல்வி எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள்.

முதலில் கஸ்தூரி. அதிகாரி கேட்டதும் எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள், பழனிசாமியைப் பார்த்தாள். "அது வந்து சார்... பெட்ரோலு..." என்று இழுத்தாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. வேடிக்கை பார்த்த பெண்களில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை இசக்கிமுத்துவால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டார்.

"சார், அந்தப் பிள்ளையைக் கஷ்டப்படுத்தாதீய. அவங்க குடுத்தது நெசந்தான். எல்லாரும் குடுத்தாவ. எனக்குத்தான் மறந்துபோச்சு. எழுதிக்கிடுங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தன் வேலையையே தூக்கிக் கொடுத்து அந்தத் தெருவின் மானத்தைக் காப்பாற்றுகிறார் மனிதர். அதிகாரி பேனாவை எடுத்தார். அவர் பொய் சொல்கிறார் சார் என்று நான் கத்தியிருக்கலாம். கத்தினால் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் ஆகும். தெரு வேடிக்கை பார்க்கும். பேச வேண்டியவர்கள் பேசாமலே தப்பித்துவிடுவார்கள். பேச வேண்டியது நான் இல்லை என்று மட்டும் புரிந்தது. பேனா காகிதத்தில் படுவதற்குள் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்.

"சார், டீ ஆறுது. குடிச்சிட்டு எழுதுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு டம்ளரை எடுத்தார். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மௌனமாக இருக்கிற இடத்தில் நாமாக எதையாவது சொல்லி நிரப்பாமல் இருப்பது இந்தத் தொழிலில் மிகவும் கஷ்டமான வேலை. பழகிக்கொள்ளுங்கள்.

செல்வி டீ தட்டோடு பழனிசாமியின் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, உங்களுக்குச் சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன்" என்றாள், என்றைக்கும் சொல்வது போலவே. அவர் டம்ளரை எடுக்கவில்லை. எழுந்து நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பொய்யிங் சார்."

"எது பொய்?"

"நாஞ் சொன்னதுங். இந்த ஆளு சொன்னதும் பொய். ஓசியிங் சார். இந்த வண்டி வந்த நாள்ல இருந்து ஓசி. என்ற மாமனாரு ஓசி, என்ற சம்சாரம் ஓசி. ஒரு தடவை காசை வண்டியில போட்டுட்டு ஓடியாந்தேன். தேடி வந்து என்ற வீட்டு ஜன்னல்ல வீசிட்டுப் போனாரு. ஃபோர்மேன் ஓசியில போனான்னு யாரு சிரிச்சாலும் சிரிச்சுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நொடி கஸ்தூரி வெடித்தாள். "நான் மட்டும் இன்னா சார், எம் பொண்ணு பரீட்சை அத்தினிக்கும் ஓசிதான்! ரிசல்ட்டு பாக்கப் போனதுகூட ஓசி!"

ஜமால் எழுந்தார். "அவங்க பரீட்சைக்குப் போனாங்க, சரி. நான் வாரா வாரம் போறேன் சார். இந்தத் தெருவுலயே அதிகம் ஓசி நான்தான்."

"அதெப்படிங்? உங்களுக்கு முன்னாடி இருந்து ஓசி நானுங்!" என்று பழனிசாமி அவர் பக்கம் திரும்பினார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட விடவில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மா, "எங்க வூட்டு கேஸ் சிலிண்டர்கூட அதுலதான் சார் வந்துச்சு" என்று கையைத் தூக்கினாள். அதிகாரிக்கு எழுத முடியவில்லை, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. "போதும், போதும். ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் என்றைக்கு, எங்கே, யார் என்று குறுக்குக் கேள்வி கேட்டார். ஒன்றுகூடத் தவறவில்லை; உண்மையைச் சொல்கிறவர்களுக்கு யோசிக்க வேண்டியிருக்காது. கடைசியில் சொந்த உபயோகம் என்று எழுதி, கிளெய்மைக் கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். இசக்கிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார். செல்வி அவர் தோளில் கையை வைத்து நின்றாள்.

கிளம்பும்போது அதிகாரி அவரிடம் சொன்னார்: "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. கிளெய்ம் வாங்கினதால உங்க போனஸ் போயிடும். அடுத்த வருஷம் பிரீமியம் கூடும்."

"அது சரி சார், நான் கட்டிக்கிடுதேன்" என்றார் இசக்கிமுத்து.

"நீங்க எதுக்குங் கட்டணும்?" பழனிசாமியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. "அது எவ்வளவு ஏறினாலும் சரிங், என்ற மாமனாரைக் கூட்டியாரப் போய்த்தான இடிச்சது? நாங் கட்டறேன்."

"சார், கையை எடுங்க!" என்று நான் அலறிவிட்டேன்.

அதிகாரி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாதீங்க மேடம். பிரீமியத்துல பங்கு போட்டுக்கிட்டா அது வாடகை ஆகாது."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதுதான் தாமதம், கஸ்தூரி பாதி தன்னுடையது என்றாள். ஜமால் மீதி தன்னுடையது என்றார். சிலிண்டர் அம்மா முன்னால் வந்து நின்றாள். பழனிசாமி, முழுசும் தான்தான், வேண்டுமானால் மற்றவர்கள் அதற்கடுத்த வருடம் கட்டிக்கொள்ளட்டும் என்று கத்தினார். "யாரும் கட்டாண்டாம், என் காருக்கு நான் கட்டிக்கிடுதேன்" என்று நடுவில் நின்று இசக்கிமுத்து இரண்டு கையையும் ஆட்டியது யார் காதிலும் விழவில்லை.

சத்தம் ஏறிக்கொண்டே போனது. அதிகாரி என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்: "மேடம், இந்தக் காருக்கு நெஜமாவே ஓனர் யாரு?"

"அதை மட்டும் எல்லாரையும் வெச்சுக்கிட்டு கேட்டுடாதீங்க சார்" என்றேன்.